தெற்குச் சுவரில் மாமனார்

சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை நான் தெரிந்துகொண்டது என் நாற்பத்தொன்பதாவது வயதில். அதுவும் அறுபது பேர் முன்னிலையில், கையில் மைக்குடன்.

அதற்கு முன்பும் சூரியனைப் பற்றி நிறையப் படித்தவன்தான் நான். கல்லூரியில் நூலகர் வேலை. (படிப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று என் மனைவி கோமதி சொல்வாள். புத்தகம் எடுத்துக் கொடுப்பதற்குத்தான் தருகிறோம் என்று முதல்வர் சொல்வார்.) சூரியனின் வயது தெரியும், எடை தெரியும், என்றைக்கு அணைந்துபோகும் என்பதுகூட உத்தேசமாகத் தெரியும். ஆனி மாதம் சாயங்காலம் நாலு மணிக்கு முக்கூடலில் அது எங்கே நிற்கும் என்பது மட்டும் தெரியாது. முக்கூடலில் பீடி சுற்றும் பெண்கள் அத்தனை பேருக்கும் அது தெரியும்.

முக்கூடல் கோமதியின் ஊர். என் மாமனார் அங்கே தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு, வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி ஒற்றை அறைக் கட்டடத்தில் ஒரு படிப்பகம் நடத்தினார். வாசல் பலகையில் ‘திறக்கும் நேரம் மாலை 4 மணி’ என்று அவரே அழகாக எழுதி வைத்திருந்தார். திறப்பது என்னவோ ஐந்து மணிக்கு. சில நாள் ஐந்தேமுக்கால். நாலு வீடு தள்ளியிருக்கும் இடத்துக்கு வந்து சேர ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆகுமா என்றால், அவருக்கு ஆகும். வழியில் யாராவது “என்ன சார்வாள்” என்று சொல்லிவிட்டால் போதும். உரம், வாய்க்கால், உலக அரசியல், எதிராளியின் மருமகளுக்கு மூட்டுவலி என்று எல்லாம் பேசி முடித்துவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைப்பார்.

எங்கள் கல்யாணத்திலேயே அப்படித்தான். பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டிய மனிதரைக் காணோம். பஸ் நிலையத்துக்கு யாரையோ அழைக்கப் போனவர், அங்கே ஒரு கண்டக்டருடன் பேச்சில் இருந்தார். ஐயர் மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்த பிறகு, தோள் துண்டு பறக்க, கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்க, வாயை லேசாகத் திறந்தபடி மண்டபத்துக்குள் ஓடி வந்தார். போட்டோக்காரர் அந்த நொடியைப் பக்கவாட்டில் பிடித்துவிட்டார். இந்த உலகில் மாமனார் மாமனாராகவே இருக்கும் ஒரே படம் அதுதான். மற்ற படங்களில் எல்லாம், கேமராவைக் கண்டதும் சைக்கிள் திருடிப் பிடிபட்டவர் போல முகம் ஆகியிருக்கும்.

அவர் ஓர் ஆனி மாதத்தில் போய்ச் சேர்ந்தார். வீட்டுக் கூடத்தில் மாலை போட ஒரு படம் வேண்டுமே, வாய் திறந்து ஓடி வரும் படத்துக்கா மாலை போடுவது என்று, அடையாள அட்டையில் இருந்த முகத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தேன். என் மாமியார் ஒரு தரம்தான் பார்த்தார்.

“இது அவுக இல்லட்டி. யாரையோ புடிச்சு வச்சிருக்காக” என்றார், கோமதியிடம்.

(கோமதியிடம்தான் சொல்வார். அத்தை அந்தக் காலத்து ஆள். மாப்பிள்ளையிடம் நேரே பேசும் வழக்கம் கிடையாது. நான் எதிரில் உட்கார்ந்து சாப்பிடும்போதுகூட “உங்க வீட்டுக்காரருக்கு ரசம் வேணுமான்னு கேளு” என்பார். நானும் “வேண்டாம்னு சொல்லு” என்பேன். இருபத்து மூன்று வருடங்களாக கோமதி எங்களுக்கிடையே தபால்காரி.)

படம் பீரோவுக்குப் பின்னால் போயிற்று. சுவரில் அடித்த கொக்கி மட்டும் மிச்சம். அத்தை அதன் பிறகு வாசலைத் தாண்டவில்லை. சாயங்காலமானால் அந்தக் கொக்கிக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். படம் இல்லாத கொக்கியை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பது, கேட்கவே என்னவோ போல் இருந்தது.

இந்த நிலையில் மார்கழி மாதம் நூலகர்கள் கருத்தரங்குக்காகக் கொச்சிக்குப் போனேன். கருத்தரங்குக்கு வந்த நூலகர்கள் எல்லோரும் செய்வதுபோல், மத்தியானத்துக்கு மேல் நழுவி ஊர் சுற்றினேன். பழைய சரக்குக் கிட்டங்கி ஒன்றில் கலைக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. அங்கே பொருள்களைப் பார்த்ததைவிட, பக்கத்தில் ஒட்டியிருந்த விளக்க அட்டைகளைப் படித்ததே அதிகம். (தொழில் புத்தி.) ஓர் அறையில் பழைய இரும்பைக் குவித்து வைத்திருந்தார்கள். பழைய சாமான் வாங்கும் ஆக்கர் கடை என்று நினைத்துத் திரும்பப் போனேன். அப்போது சன்னல் வழியாக வெயில் விழுந்தது. எதிர்ச் சுவரில் அந்த இரும்புக் குவியலின் நிழல், துடுப்புப் போடும் ஒரு மனிதனாக எழுந்து நின்றது. இந்த அறைக்காகவும் இந்தச் சன்னலுக்காகவும் மட்டுமே செய்யப்பட்டது, வேறு இடத்தில் வைத்தால் இது வெறும் இரும்பு என்று அட்டை சொல்லிற்று.

அந்த அட்டையை நான் இரண்டாம் முறை படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை. கலைக் கண்காட்சி பார்த்தவனை ஒருநாள் உட்கார வைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, அப்புறம்தான் ரயிலேற்ற வேண்டும் என்பது இப்போது என் தாழ்மையான கருத்து. நான் நேராக ரயிலேறிவிட்டேன். நெல்லை வந்து இறங்கும்போது கலைஞனாக இறங்கினேன்.

திட்டம் எளிது. படிப்பகத்தின் தெற்குச் சுவர் நீளமானது, வெள்ளையடித்தது, முன்னால் பொட்டல். அந்தச் சுவருக்கு முன்னே மாமனார் பயன்படுத்திய பொருள்களையெல்லாம் இரும்புக் கம்பியில் சேர்த்து ஒரு சிற்பம் நிறுத்துவது. அவருடைய சைக்கிள் ஹேண்டில்பார், போகிற இடமெல்லாம் மறந்துவிட்டு வரும் குடையின் கம்பிகள், பள்ளிக்கூடப் பழைய மணி, கண்ணாடிக் கூடு. சும்மா பார்த்தால் இரும்பு. சாயங்காலம் நாலு மணிக்கு வெயில் படும்போது, சுவரில் மாமனாரின் முகம், கல்யாணப் படத்தில் உள்ள அதே பக்கவாட்டு முகம், நிழலாக விழும்.

தைப் பொங்கல் விடுமுறையில் கம்பியும் அட்டையும் வைத்து ஒரு மாதிரி செய்து, ஸ்டூல் மேல் நிறுத்திச் சோதித்தேன். ஐந்து நாள் வெட்டி, ஒட்டி, வளைத்த பிறகு, ஆறாம் நாள் நாலு மணிக்கு வந்துவிட்டார். நெற்றி, மூக்கு நுனியில் கண்ணாடி, லேசாகத் திறந்த வாய். கோமதி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு பைய, “அப்பா” என்றாள்.

அந்த ஒரு சொல்தான் என்னைக் கெடுத்தது. அன்றைக்கே ஓடிப்போய் அத்தையை அழைத்து வந்து காட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. அட்டையிலா காட்டுவது, இரும்பில் செய்து, ஆனியில் வரும் முதல் ஆண்டுத் திவசத்தன்று ஊரைக் கூட்டிக் காட்டுவோம் என்று சொல்லிவிட்டேன்.

இரும்பு வேலைக்கு இசக்கிமுத்துவைப் பிடித்தேன். கேட், கிரில் செய்யும் பட்டறைக்காரர். அந்த வட்டாரத்தில் மயில் இல்லாத கேட் கிடையாது. அத்தனை மயிலும் அவருடையவை. என் வரைபடத்தை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது எந்த மாசத்து வெயிலுக்கு சார்?”

துருப் பிடிப்பதைப் பற்றிக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். எல்லா மாதத்துக்கும்தான், மழையும் தாங்க வேண்டும், ரெட் ஆக்சைடு இரண்டு கோட்டு அடியுங்கள் என்றேன்.

“அது அடிச்சிரலாம். வெயிலத்தான் கேக்குதேன்.”

அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து, சூரியன் எல்லா மாதமும் ஒரே சூரியன்தான் என்பதை இசக்கிமுத்துவுக்கு விளக்கினேன். ஒளி நேர்கோட்டில் செல்வது, நிழல் உண்டாவது என்று பத்து நிமிடம் இருக்கும். அவர் பொறுமையாகக் கேட்டார். வெல்டிங் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டே சொன்னார்:

“சரி சார். நீங்க படிச்சவுக.”

இந்த வாக்கியத்துக்கு எங்கள் பக்கத்தில் வேறொரு பொருளும் உண்டு. அது எனக்கு அன்று நினைவுக்கு வரவில்லை.

ஆனி பிறந்தது. திவசத்துக்கு முந்தின நாள், சிற்பத்தை நிறுத்தக் குழி தோண்ட ஆளுடன் போனேன். தெற்குச் சுவரை ஒட்டி வரிசையாக எட்டுப் பெண்கள் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். தை மாதம் அங்கே ஒருவரும் இல்லை. ஏன் இல்லை என்று நான் அன்றும் யோசிக்கவில்லை, இப்போது ஏன் இருக்கிறார்கள் என்றும் யோசிக்கவில்லை. நாளை ஒருநாள் மட்டும் இடம் விட வேண்டும் என்றேன்.

அவர்களில் மூத்தவர் பார்வதியக்கா, இலையை வெட்டுவதை நிறுத்தாமல் கேட்டார். “எங்க போகச் சொல்லுதிய? வடக்க வெயிலுல்லா அடிக்கி.”

ஒருநாள்தான், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன். பிறகு, உள்ளூர்க்காரரிடம் யோசனை கேட்பதுதான் நல்ல நிர்வாகம் என்று எதிலோ படித்திருந்ததால், நாளைக்கு ஆட்கள் உட்காரப் பந்தல் போட வேண்டுமா என்று கேட்டேன்.

“இங்கன எதுக்கு பந்தலு? ஆவணி முடிய இங்கன பொட்டு வெயிலு விழாது. அதுக்குத்தான நாங்க இங்கன இருக்கோம்.”

எனக்கு ஒரே சந்தோஷம். உடனே பந்தல்காரருக்குப் போன் செய்து வேண்டாம் என்றேன். அடுத்த போன், தலைமை தாங்க இருந்த ஓய்வுபெற்ற ஓவியப் பேராசிரியருக்கு. “குளுகுளுன்னு இருக்கும் சார். பொட்டு வெயில் விழாத இடம். நாலு மணிக்கு வெயில் நேராகச் சுவரில் பட்டு முகம் தெரியும்.” இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவரும் “அற்புதம்” என்றார். (இரண்டு பேருக்கும் சேர்த்து ஐந்து பட்டங்கள்.)

மறுநாள் காலை திவசம் முடிந்தது. சாயங்காலம் அறுபது நாற்காலியும் நிரம்பின. ஒரு வருடமாக வாசல் தாண்டாத அத்தை, கோமதியின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்து வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். என்ன நிகழ்ச்சி என்று அவரிடம் விவரமாகச் சொல்லவில்லை. கோமதி ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தாள்: “வாம்மா, அப்பாவப் பாக்கலாம்.”

மூன்றே முக்காலுக்கு மைக்கைப் பிடித்தேன். சில கலைகள் எங்கும் வாழும், சில கலைகள் ஓர் இடத்தில் மட்டுமே உயிர்பெறும் என்று பேசினேன். இன்னும் இரண்டு நிமிடம் என்றேன். இன்னும் ஒரு நிமிடம் என்றேன். நாலு மணி.

சுவர் சும்மா இருந்தது.

வெள்ளைச் சுவர், அதன் முன்னே இரண்டு கோட்டு ரெட் ஆக்சைடு அடித்த இரும்பு. எங்கே வெயில் என்று தேடினேன். வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. படிப்பகத்துக்குப் பின்னால், வடமேற்கே, கட்டடத்துக்கு மேலே தகதகவென்று நின்றுகொண்டிருந்தது. கட்டடத்தின் நிழல் சுவர், சிற்பம், நான், அறுபது நாற்காலி எல்லாவற்றின் மேலும் சீராகப் படர்ந்திருந்தது. வெகு குளுமையாக இருந்தது.

“இன்னும் சில நிமிடங்களில்” என்று மைக்கில் சொன்னேன். நாலு பத்துக்கு, கடிகார நேரத்துக்கும் சூரிய நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றிச் சொன்னேன். நாலே காலுக்கு, வடக்குப் பக்கத்தில் வெயிலில் வெந்துகொண்டிருந்த பார்வதியக்கா முறத்தோடு சுற்றி வந்து எட்டிப் பார்த்தார்.

“நாந்தான் நேத்தே சொன்னேன்லா” என்றார். யாரிடமும் குறிப்பாகச் சொல்லவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

அப்போது பேராசிரியர் எழுந்து மைக்கை வாங்கினார். இந்தச் சுவரின் வெறுமையே படைப்பு என்று தொடங்கினார். நாம் எல்லோரும் ஒரு முகத்தை எதிர்பார்த்து வந்தோம், கலைஞன் நமக்கு அந்த முகம் இல்லாமல் போனதைக் காட்டுகிறான், வராதவருக்காகக் காத்திருப்பதுதான் துயரம், அந்தத் துயரத்தில் நம்மை உட்கார வைத்துவிட்டான் என்றார். கூட்டத்தில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். இன்னும் கொஞ்சம் போனால் நானே நம்பியிருப்பேன். உண்மையைச் சொன்னால், தலையாட்ட ஆரம்பித்துவிட்டேன். கலைஞன் என்று இரண்டு முறை சொல்லிவிட்டாரே.

பேராசிரியர் மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியில், முன்வரிசையில் அத்தை கோமதியிடம் மெதுவாகக் கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

“எங்கட்டி இருக்காக?”

ஆட்டிய தலை அப்படியே நின்றது. எனக்கு எதையாவது செய்தாக வேண்டும் போலிருந்தது. இந்த மாதிரி நேரத்தில் ஒன்றும் செய்யாமல் இருப்பவர்களைத்தான் பெரியோர் என்கிறோம். நான் இசக்கிமுத்துவைப் பார்த்தேன்.

“கண்ணாடி வச்சுத் திருப்பிப் பாக்கலாம் சார். ஆனா சரியா வராது” என்றார் அவர்.

அவர் சொன்னதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். நாலு பேர் ஓடிப்போய் அத்தை வீட்டிலிருந்து ஆளுயர நிலைக்கண்ணாடியைத் தூக்கி வந்தார்கள். பொட்டலில் நிழல் முடிந்து வெயில் தொடங்கும் இடத்தில் அதை வைத்து, இசக்கிமுத்து சாய்த்தார். துள்ளி வந்த வெளிச்சம் முதலில் பேராசிரியர் முகத்தில் விழுந்தது. வெறுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஆனால் பேச்சை நிறுத்தவில்லை. “இன்னும் பைய, கீழ” என்றேன். வெளிச்சம் சிற்பத்தில் விழுந்தது. சுவரில் ஒரு நிழல் குதித்து எழுந்தது.

கூட்டம் ‘ஆ’ என்றது.

வெயில் மேலேயிருந்து வர வேண்டிய ஏற்பாட்டுக்கு, தரையிலிருந்து வெளிச்சம் அடித்தால் என்ன ஆகுமோ அது ஆகியிருந்தது. நெற்றியைக் காணோம். கழுத்து கூரை வரைக்கும் போயிற்று. திறந்த வாய் எதையோ மென்றுகொண்டிருந்தது. குடைக்கம்பிகள் காதுகளுக்கு மேலே இரண்டு பக்கமும் விறைத்து நின்றன.

“ஆடுலா இது” என்றார் பின்வரிசையில் ஒருவர்.

“கழுத்தப் பாருவே. ஆட்டுக்கு ஏது இம்புட்டுக் கழுத்து? ஒட்டகம்.”

“ஒட்டகத்துக்குக் கொம்பு இருக்குமா?”

“கொம்பா அது? காது.”

விவாதம் இரண்டு கட்சியாகப் பிரிந்து நடந்தது. என் மாமனார் உயிரோடு இருந்திருந்தால் முதல் ஆளாக அதில் கலந்துகொண்டு, ஏழு மணி வரைக்கும் நின்றிருப்பார். அத்தை கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மடித்தார். எழுந்தார்.

“வந்தவுகளுக்கு காப்பி கொடுட்டி. சும்மா அனுப்பக் கூடாது” என்று கோமதியிடம் சொல்லிவிட்டு, யாருடைய கையையும் பிடிக்காமல் நாலு வீடு நடந்து உள்ளே போய்விட்டார். நிலைக்கண்ணாடியைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தபோது, அவர் கூடத்தில் கொக்கிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார் என்று தூக்கிப் போனவர்கள் சொன்னார்கள். எனக்கு உள்ளே போய்ப் பார்க்கத் தைரியம் இல்லை. பத்து வயதுப் பையனாக இருந்தால் அழுதிருக்கலாம். நூலகர் பதவியில் அதற்கு இடமில்லை.

பாளையங்கோட்டைக்கு, எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். பூட்டைத் திறக்கும்போது கோமதி கேட்டாள்:

“எந்த மாசத்து வெயிலுக்குன்னு இசக்கிமுத்து கேட்டாராமே?”

அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. சோபா வாங்கலாம் என்றால் “எந்த மாசத்து வெயிலுக்கு?” மொட்டை மாடியில் ரோஜாத் தோட்டம் போடலாம் என்றால் “எந்த மாசத்து வெயிலுக்கு?” சென்ற மாதம் என் மகள் தனக்கு வந்த ஒரு வரனைப் பற்றியும் இதையே கேட்டாள். அந்தப் பையன் என்ன நினைத்தானோ தெரியாது.

சிற்பத்தை அகற்றலாம் என்றால், இசக்கிமுத்து மூன்றடி ஆழத்தில் கான்கிரீட் போட்டிருந்தார். (மழை தாங்க வேண்டும் என்று சொன்னது நான்தானே.) சுவர் நிழலுக்குத் திரும்பி வந்த பெண்கள், ஹேண்டில்பாரில் தூக்குவாளியையும் குடைக்கம்பியில் பைகளையும் மாட்டிக்கொண்டார்கள். தெருவுக்கு ஓர் அடையாளமும் கிடைத்தது. தீபாவளிக்குப் போனபோது, எங்கே இறங்கணும் என்று கேட்ட ஆட்டோக்காரர், நான் வீட்டு அடையாளம் சொல்லி முடிப்பதற்குள், “ஒட்டகத்துக்கு நாலு வீடு தள்ளியா அண்ணாச்சி?” என்றார். நான் அந்த முறை பின்வாசல் வழியாகப் போனேன்.

புரட்டாசியில் பெண்கள் வடக்குப் பக்கம் மாறினார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் மழை. தை பிறந்து, பொங்கல் கழிந்து ஐந்தாறு நாள் இருக்கும். கோமதிக்கு ஊரிலிருந்து போன் வந்தது. வைத்துவிட்டு, “நாளைக்கு லீவு போடுங்க” என்றாள்.

நடந்தது இது. பார்வதியக்கா, ஹேண்டில்பாரிலேயே மாட்டி வைத்துவிட்ட தூக்குவாளியை எடுக்கத் தெற்குப் பக்கம் வந்திருக்கிறார். வாளியைக் கழற்றியதும் சுவரைப் பார்த்தவர், முறத்தைப் போட்டுவிட்டு அத்தை வீட்டுக்கு ஓடி, “சார்வாள் வந்திருக்காக, வாங்க” என்றிருக்கிறார்.

மறுநாள் நாங்கள் போனபோது, கொக்கிக்கு எதிரே கிடக்கும் நாற்காலி பொட்டலில் கிடந்தது. அத்தை அதில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெண்கள். வெயில் தென்மேற்கிலிருந்து சாய்வாக வந்துகொண்டிருந்தது. நாலு மணிக்குச் சற்று முன்னால் சுவரில் ஒரு கோடு தெரிந்தது. அப்புறம் நெற்றி. மூக்கு நுனியில் கண்ணாடி. திறந்த வாய், மூச்சிரைக்க. மண்டபத்துக்குள் ஓடி வந்துகொண்டிருந்தார்.

கால் மணி நேரம் அப்படியே நின்று, பிறகு மூக்கு நீண்டு, முகம் கலைந்து, ஹேண்டில்பார் ஹேண்டில்பாராக ஆயிற்று.

அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பழக்கம் விடவில்லை. ஆனியில் சூரியன் வடக்கே போய்விடுகிறது, தையில் தெற்கே வருகிறது, நம் ஊர் பூமியில் இருக்கும் இடம் அப்படி, இதை நான் அப்போதே கணக்கில் எடுத்திருக்க வேண்டும் என்றெல்லாம், வழக்கம்போல் கோமதியைப் பார்த்து, அத்தைக்குக் கேட்கும்படி விளக்கினேன். சொன்ன நாளில் காட்ட முடியாமல் ஏழு மாதம் பிந்திவிட்டதே என்பதுதான் வருத்தம் என்று முடித்தேன்.

அத்தை கோமதி பக்கம் திரும்பவில்லை. இருபத்து நாலு வருடத்தில் முதல் முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

“அதுக்கு நீங்க என்ன செய்விய மாப்பிள்ள? உசுரோட இருக்கையிலயே அவுக சொன்ன நேரத்துக்கு வந்ததில்ல.”